அரைவாழ்வும் திணிவும் சரி, விடை மட்டும் பிழை: கதிர்த்தொழிற்பாட்டுக் கணக்கில் பிழை நீக்கும் வழிமுறை

ஒரு மாதிரியின் திணிவும் அதிலுள்ள சமதானியின் அரைவாழ்வுக் காலமும் (கருக்களில் பாதி தேய எடுக்கும் காலம்) கையில் இருந்தால், செக்கனுக்கு எத்தனை கருக்கள் தேய்கின்றன என்று, அதாவது அதன் தொழிற்பாட்டை, இரண்டு வரியில் கண்டுவிடலாம். ஆனால் அந்த இரண்டு வரிக்குள் அலகு மாற்றம் இருக்கிறது, மூல் கணக்கு இருக்கிறது, மடக்கை இருக்கிறது, பத்தின் பெரிய அடுக்குகள் இருக்கின்றன. எங்கே சறுக்கினாலும் விடை கொஞ்சம் பிசகாது, ஆயிரம் மடங்கு, கோடி மடங்கு என்று பிசகும்.

விடை பிழைத்தவுடன் கணக்கை முதலிலிருந்து திரும்பச் செய்ய வேண்டாம். அதே பழக்கத்தோடு செய்தால் அதே பிழைதான் மறுபடியும் வரும். உங்கள் விடையைச் சரியான விடையால் வகுத்துப் பாருங்கள். வருகிற விகிதமே பிழை எங்கே என்று சொல்லிவிடும். உயர்தர மாணவருக்கும் பல்கலைக்கழக முதலாம் வருடத்தாருக்கும் இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் பாதி நேரம் மிச்சம்.

முதலில் அடிப்படைச் சமன்பாடு:

தொழிற்பாடு = (0.693 ÷ அரைவாழ்வு) × (திணிவு ÷ மூலர்த் திணிவு) × அவகாதரோ மாறிலி

முதல் அடைப்பு தேய்வு மாறிலி; அதிலுள்ள 0.693 என்பது 2 இன் இயற்கை மடக்கை. மிச்சம் இரண்டும் சேர்ந்து கருக்களின் எண்ணிக்கை. 0.6931 ஐயும் அவகாதரோ மாறிலியான 6.022 × 10²³ ஐயும் ஒருமுறை பெருக்கி வைத்துக்கொண்டால் 4.174 × 10²³ வரும். தூய சமதானி ஒன்றின் 1 கிராமுக்கு (1 பெக்கரல் என்பது செக்கனுக்கு ஒரு தேய்வு):

தொழிற்பாடு (பெக்கரல்) = 4.174 × 10²³ ÷ (அரைவாழ்வு செக்கனில் × மூலர்த் திணிவு)

அரைவாழ்வு மணித்தியாலத்தில் தரப்பட்டால் மேலே உள்ள எண்ணுக்குப் பதில் 1.159 × 10²⁰, நாளில் என்றால் 4.831 × 10¹⁸, வருடத்தில் என்றால் 1.323 × 10¹⁶. இந்த நான்கு எண்ணையும் கொப்பியின் பின் அட்டையில் எழுதி வையுங்கள். மூலர்த் திணிவுக்குத் திணிவெண்ணையே போட்டால் போதும். கோபாற்று-60 இன் உண்மையான திணிவு 59.93, அதற்குப் பதில் 60 போடுவதால் வரும் வித்தியாசம் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான்.

சரியான விடை எதுவென்றே தெரியவில்லை

விகிதம் பார்க்க ஒப்பிட ஏதாவது வேண்டும். அதற்கு ரேடியத்தை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். ரேடியம்-226 இன் அரைவாழ்வு 1600 வருடம். 1 கிராமின் தொழிற்பாடு 3.66 × 10¹⁰ பெக்கரல். கியூரி என்ற பழைய அலகு 1 கிராம் ரேடியத்தை வைத்துத்தான் பிறந்தது. பின்னர் அதை 3.7 × 10¹⁰ என்று நிலைப்படுத்தினார்கள். ஆகவே இந்த எண் மறக்காது.

வேறு எந்தச் சமதானிக்கும், 1600 ஐ அதன் அரைவாழ்வால் (வருடத்தில்) வகுத்து, 226 ஐ அதன் திணிவெண்ணால் வகுத்து, இரண்டையும் ரேடியத்தின் எண்ணோடு பெருக்குங்கள். கோபாற்று-60 க்கு அரைவாழ்வு 5.27 வருடம்: 304 × 3.77 = 1146 மடங்கு. அதாவது ஏறத்தாழ 4.2 × 10¹³. முழுக் கணக்கு தருவது 4.18 × 10¹³. மனக்கணக்குக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஒப்பிடுவதற்கு இன்னும் சில, எல்லாம் 1 கிராமுக்கு: அயடீன்-131 (8.02 நாள்) 4.6 × 10¹⁵, சீசியம்-137 (30.1 வருடம்) 3.2 × 10¹², யுரேனியம்-238 (446.8 கோடி வருடம்) 12,400, தோரியம்-232 (1405 கோடி வருடம்) 4,060 பெக்கரல். அரைவாழ்வு நீள நீளத் தொழிற்பாடு விழுவதைக் கவனியுங்கள். நீண்ட அரைவாழ்வுக்குப் பெரிய தொழிற்பாடு வந்திருந்தால், அரைவாழ்வால் வகுக்க வேண்டிய இடத்தில் பெருக்கியிருக்கிறீர்கள்.

விகிதம் 3.16 × 10⁷, அல்லது 86,400, 3,600, 60

இது அலகுப் பிழை. வருடத்தில் தந்த அரைவாழ்வை அப்படியே போட்டால் கிடைப்பது வருடத்துக்கு எத்தனை தேய்வு என்ற எண். அதற்குப் பெக்கரல் என்று பெயர் எழுதினால் 3.156 × 10⁷ மடங்கு கூடிவிடும். 86,400 என்றால் நாள், 3,600 என்றால் மணித்தியாலம், 60 என்றால் நிமிடம் மாற்றப்படாமல் நிற்கிறது. விடை கூடாமல் இதே மடங்கால் குறைந்திருந்தால் அலகு மாற்றத்தை இரண்டு தரம் செய்திருக்கிறீர்கள்.

வருடத்துக்கு 365 நாளா 365.25 நாளா என்று மண்டையை உடைக்க வேண்டாம். வித்தியாசம் 0.07 சதவீதம்.

ஓர் இடத்தில் மட்டும் விகிதம் ஆளை ஏமாற்றும். கோபாற்று-60 கணக்கில் 3,600 வந்தால் எல்லோரும் மணித்தியாலத்தைத் தேடுவார்கள். ஆனால் அந்த அரைவாழ்வு வருடத்தில் அல்லவா தரப்பட்டது? மணித்தியாலம் எங்கிருந்து வரும்? 60 இன் வர்க்கமும் 3,600 தான். கணிப்பானில் 1.323 × 10¹⁶ ÷ 5.27 × 60 என்று அடைப்பில்லாமல் அடித்தால், அது 5.27 ஆல் வகுத்துவிட்டு 60 ஆல் பெருக்கும். வகுக்க வேண்டிய 60 ஆல் பெருக்கியதால் விடை 60 × 60 மடங்கு கூடிவிட்டது. பொதுவாகவே விகிதம் திணிவெண்ணின் வர்க்கத்துக்குச் சமமாக வந்தால் (சீசியத்துக்கு 18,769, ரேடியத்துக்கு 51,076) கீழே உள்ள பெருக்கத்துக்கு அடைப்புக்குறி போடவில்லை என்று அர்த்தம். எக்செல் தாளிலும் இதே பிழை இதே விகிதத்தில்தான் வரும்.

இலக்கங்கள் சரி, பத்தின் அடுக்கு பிழை

சரியாக 10 மடங்கு என்றால் பெரும்பாலும் கணிப்பானின் அடுக்குப் பொத்தான். அந்தப் பொத்தானுக்குள்ளேயே ‘பெருக்கல் பத்து’ இருக்கிறது. 6.022 ஐயும் பெருக்கல் குறியையும் 10 ஐயும் அடித்துவிட்டு அடுக்குப் பொத்தானை அழுத்தி 23 போட்டால் கணிப்பான் 6.022 × 10²⁴ என்று எடுத்துக்கொள்ளும்.

1,000 மடங்கு குறைந்தால் திணிவு கிலோகிராமில், மூலர்த் திணிவு கிராமில். பௌதிகவியல் பழக்கத்தில் எல்லாவற்றையும் கிலோகிராமுக்கு மாற்றுபவர்கள் மூலர்த் திணிவை மட்டும் மறந்துவிடுவார்கள். 10⁶ என்றால் மைக்குரோகிராமைக் கிராமாக எடுத்திருக்கிறீர்கள். மருத்துவச் சமதானிகளில் இது அடிக்கடி நடக்கும். 1 மைக்குரோகிராம் அயடீன்-131 க்கே 4.6 × 10⁹ பெக்கரல் இருப்பதால், பெரிய எண்ணைக் கண்டு சந்தேகம் வராது.

உயர்தரப் பரீட்சை மண்டபத்தில் கணிப்பான் கிடையாது. அங்கே 0.7, 6 × 10²³, 3.15 × 10⁷ என்று எடுத்து, இலக்கங்களை ஒரு வரியிலும் அடுக்குகளை அடுத்த வரியிலும் தனித்தனியாக எழுதுங்கள். இரண்டையும் ஒரே வரியில் கலந்து வெட்டிச் சுருக்கும்போதுதான் அடுக்குகள் தொலைகின்றன.

விகிதம் 1.44, 0.69, 2.30 அல்லது 0.43

இவை சிறிய விகிதங்கள். விடை ‘கிட்டத்தட்டச் சரி’ போலத் தெரிவதால் பலர் கண்டுகொள்ளாமல் விடுகிற பிழை இது.

1.443 என்றால் தேய்வு மாறிலியை 1 ÷ அரைவாழ்வு என்று எடுத்து, 0.693 ஐ விட்டுவிட்டீர்கள். 0.693 என்றால் அதன் மறுபக்கம்: வினாவில் தந்தது சராசரி வாழ்வுக் காலம், நீங்கள் அதை அரைவாழ்வாக வாசித்துவிட்டீர்கள். சராசரி வாழ்வுக்குத் தேய்வு மாறிலி வெறும் 1 ÷ காலம்.

0.434 என்றால் இயற்கை மடக்கைக்குப் பதில் பத்தின் மடக்கைப் பொத்தானை அழுத்தி, 0.693 வர வேண்டிய இடத்தில் 0.301 போட்டிருக்கிறீர்கள். 2.303 என்றால் இரசாயனவியலில் முதலாம் வரிசைத் தாக்கத்துக்குப் படித்த சூத்திரத்தை இங்கே கொண்டுவந்து, 0.693 ஐ இன்னுமொருமுறை 2.303 ஆல் பெருக்கியிருக்கிறீர்கள். 2.303 பத்தின் மடக்கையோடு மட்டுமே சேரும்: 2.303 × 0.301 = 0.693.

இயற்கை மூலகம் அல்லது சேர்வை தந்தால் விடை எங்கேயோ போகிறது

அதிகம் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். மேலே தந்த சுருக்கச் சூத்திரம் தூய சமதானிக்கு மட்டும். ஆனால் நிஜத்தில் கையில் கிடைப்பது உப்பு, உரம், கனிப்பொருள்.

யாழ்ப்பாணத்து வெங்காயத் தோட்டங்களுக்குப் போகிற செந்நிற எம்.ஓ.பி. உரம் பெரும்பாலும் பொற்றாசியம் குளோரைட்டு. இயற்கைப் பொற்றாசியத்தில் 0.0117 சதவீத அணுக்கள் பொற்றாசியம்-40 (இதுதான் அதன் இயற்கை வளப்பங்கு). அதன் அரைவாழ்வு 124.8 கோடி வருடம். 1 கிராம் தூய பொற்றாசியம் குளோரைட்டை எடுப்போம்.

மூலர்த் திணிவு 74.55. ஒரு மூலக்கூற்றுச் சூத்திரத்துக்கு ஒரு பொற்றாசியம் அணு. ஆகவே பொற்றாசியம் அணுக்கள் 6.022 × 10²³ ÷ 74.55 = 8.08 × 10²¹. இதில் பொற்றாசியம்-40 மட்டும்: 0.000117 ஆல் பெருக்க 9.45 × 10¹⁷. அரைவாழ்வு செக்கனில் 3.94 × 10¹⁶. தேய்வு மாறிலி 1.76 × 10⁻¹⁷. இரண்டையும் பெருக்க 16.6 பெக்கரல்.

உங்கள் விடை 1.4 லட்சம் பெக்கரல் என்று வந்தால் விகிதம் ஏறத்தாழ 8,550. அது 1 ÷ 0.000117. இயற்கை வளப்பங்கைப் போடவே இல்லை. விகிதம் 100 என்றால் சதவீதத்தை நூறால் வகுக்கவில்லை. 1.86 என்றால் 74.55 க்குப் பதில் 40 ஐப் போட்டு, குளோரினின் திணிவையும் பொற்றாசியமாக எண்ணிவிட்டீர்கள். வெறும் 2 சதவீதம் குறைந்தால் அது நுட்பமான பிழை: தூய பொற்றாசியம் உலோகத்தின் கணக்கில் 39.10 க்குப் பதில் 40 ஐ எடுத்திருக்கிறீர்கள். மொத்த அணுக்களை எண்ணும்போது மூலகத்தின் சராசரித் திணிவு. அதன் பிறகுதான் வளப்பங்கு. 0.0117 சதவீதம் என்பது அணுக்களின் எண்ணிக்கையில் பங்கு, திணிவில் அல்ல. அதனால்தான் இந்த ஒழுங்கு.

50 கிலோ உரப் பையை முழுவதும் தூய உப்பென்று கொண்டால் 8.3 லட்சம் பெக்கரல் வரும். எண்ணைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. பொற்றாசியம் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் இது இருக்கும். 140 கிராம் பொற்றாசியம் உள்ள ஒரு மனித உடலிலேயே செக்கனுக்கு நாலாயிரத்துக்கு மேற்பட்ட தேய்வுகள் நடக்கின்றன.

அடுத்தது தோரியனைற்று. கலை வரலாற்றால் பெயர் பெற்ற ஆனந்த குமாரசுவாமி, இலங்கையில் கனிப்பொருள் ஆய்வுக்குப் பொறுப்பாக இருந்த காலத்தில், 1904 இல் கண்டெடுத்த கனிப்பொருள் இது. நம் மாணவர்களுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. அதைத் தூய தோரியம் ஈரொட்சைட்டு என்று வைத்துக்கொண்டால் மூலர்த் திணிவு 264. 1 கிராமில் தோரியம் 0.879 கிராம், தொழிற்பாடு 3,570 பெக்கரல். 4,060 என்று வந்தால் ஒட்சிசனைக் கழிக்கவில்லை. விகிதம் 1.14, அதாவது 264 ÷ 232.

ஆனால் ஒரு பழைய கனிப்பொருளில் உண்மையில் நடக்கும் மொத்தத் தேய்வு இதைவிடப் பத்து மடங்கு. தோரியம்-232 ஈயம்-208 ஆக மாற 6 அல்பாத் தேய்வும் 4 பீற்றாத் தேய்வும் வேண்டும். போதிய காலம் கடந்து சமநிலை வந்த பின், தொடரில் உள்ள ஒவ்வொரு படியும் தாயான தோரியம்-232 இன் வேகத்திலேயே தேயும். யுரேனியம்-238 தொடரில் இது 14 மடங்கு. ஸ்ரொன்சியம்-90 இல் 2 மடங்கு. அதன் மகள் இற்றியம்-90 இன் அரைவாழ்வு 64 மணித்தியாலம்தான் என்பதால் சில வாரங்களில் தாயைப் பிடித்துவிடும். விகிதம் இப்படி ஒரு சிறிய முழு எண்ணாக வந்தால் உங்கள் கணக்கு பிழையில்லை. வினா கேட்டது தாயையா, மொத்தத்தையா என்று திரும்ப வாசியுங்கள்.

காலம் கடந்த பின் வரும் தொழிற்பாடு பிழைக்கிறது

கடந்த காலத்தை அரைவாழ்வால் வகுங்கள். 2 ஐ அந்த எண்ணுக்கு அடுக்கேற்றி, ஆரம்பத் தொழிற்பாட்டை அதனால் வகுங்கள். இங்கே செக்கனுக்கு மாற்றத் தேவையே இல்லை, இரண்டு காலமும் ஒரே அலகில் இருந்தால் போதும். 37,000 பெக்கரல் என்று அட்டை ஒட்டிய கோபாற்று-60 கதிர்மூலம் ஒன்று, அட்டைத் திகதியிலிருந்து 15 வருடத்துக்குப் பின்: 15 ÷ 5.27 = 2.85, 2 இன் அந்த அடுக்கு 7.2, மிச்சம் 5,150 பெக்கரல். ஆய்வுகூடத்துப் பழைய மூலத்தின் அட்டையை வாசிக்கும்போது தொழிற்பாட்டை மட்டும் வாசிக்காமல் திகதியையும் வாசியுங்கள்.

விடை ஆரம்பத்தைவிடக் கூடினால் அடுக்கில் கழித்தல் குறி விடுபட்டது. இரண்டு அரைவாழ்வில் சைபர் வந்தால் தேய்வை நேர்கோடாக எடுத்துவிட்டீர்கள். சரியான விடை கால்வாசி.

இன்னொன்று. ‘ஒரு நாளில் மொத்தம் எத்தனை தேய்வு’ என்று கேட்டால், தொழிற்பாட்டை 86,400 ஆல் பெருக்குவது நீண்ட அரைவாழ்வுக்கு மட்டுமே சரி. ஸ்கான் பரிசோதனைகளுக்குப் பயன்படும் தெக்னீசியம்-99எம் இன் அரைவாழ்வு 6.01 மணித்தியாலம். அதற்கு ஒரு நாளில் நடக்கும் தேய்வு, ஆரம்பத் தொழிற்பாட்டின் 86,400 மடங்கு அல்ல, ஏறத்தாழ 29,250 மடங்கு. கருக்களின் எண்ணிக்கையைக் கண்டு, ஆரம்பத்தில் இருந்ததிலிருந்து மிச்சத்தைக் கழிப்பதுதான் இங்கே வழி.

கணிப்பான் சைபர் காட்டுகிறது

யுரேனியத்துக்கு, ஒரு செக்கனில் தேய்ந்த பங்கை இதே கழித்தல் வழியில் தேடினால் இது நடக்கும். தேய்வு மாறிலி 4.9 × 10⁻¹⁸. ஒன்றிலிருந்து அவ்வளவு சிறிய பங்கு கழிந்ததைக் கணிப்பானால் பிடித்துவைக்க முடியாது. ஒன்றிலிருந்து ஒன்று போய்ச் சைபர் மிஞ்சும். தேய்வு மாறிலியையும் காலத்தையும் நேரே பெருக்குங்கள், பெருக்கம் 0.01 ஐ விடச் சிறிதாக இருக்கும்வரை அந்த எண்ணே தேய்ந்த பங்கு.

கணக்குச் சரி, எண்ணிக் கருவியோடு பொருந்தவில்லை

கைகர்-முல்லர் குழாய் காட்டுவது தொழிற்பாடு அல்ல. குழாய்க்குள் நுழைந்து பதிவானவற்றின் எண்ணிக்கை மட்டும். பின்னணி எண்ணிக்கையை (மாதிரி இல்லாதபோதும் பதிவாவதை) கழித்த பின்னும் அது கணித்த விடையைவிட மிகக் குறைவாகவே இருக்கும். பாதிக் கதிர் எதிர்ப்பக்கம் போகிறது, கொஞ்சம் தூளுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது, காமாவில் பெரும்பகுதி குழாயைத் துளைத்துச் சத்தமில்லாமல் போய்விடுகிறது. ஒவ்வொரு தேய்வும் நீங்கள் தேடுகிற கதிரைத் தருவதும் இல்லை: பொற்றாசியம்-40 இல் நூற்றுக்கு 89 தேய்வு பீற்றா, மீதியில்தான் 1461 கிலோ இலத்திரன்வோற்று காமா, சீசியம்-137 இன் 662 காமா நூற்றுக்கு 85.

அளவுதிருத்த வேறு மூலம் இல்லாத பாடசாலைக்குப் பொற்றாசியம் குளோரைட்டே போதும். நன்றாக உலர்த்திய 1 கிராமைச் சிறு தட்டில் மெல்லிய படையாகப் பரப்பி, குழாயின் வாயிலுக்குக் கிட்ட வையுங்கள். 100 செக்கனில் பின்னணி 40, மாதிரியோடு 160 என்று வந்தால் தேறிய வீதம் செக்கனுக்கு 1.2. அதை 16.6 ஆல் வகுக்க 7 சதவீதம். அதே தட்டு, அதே தூரம், அதே தடிப்பு இருக்கும்வரை இதுதான் உங்கள் கருவியின் திறன். தூளைக் குவித்தால் எண்ணிக்கை கூடும் என்று நினைக்க வேண்டாம். சில மில்லிமீற்றருக்குக் கீழே உள்ளதன் பீற்றா மேலே வருவதில்லை.

அந்த 7 சதவீதத்தையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். 160 உம் 40 உம் சேர்ந்த 200 இன் வர்க்கமூலம் 14. ஆகவே தேறிய 120 இல் 14 அளவில் தளம்பல் இருக்கும், அதாவது 12 சதவீதம். 1,000 செக்கன் எண்ணினால் அது 4 சதவீதத்துக்குள் வரும். கணக்குக்கும் அளவீட்டுக்கும் உள்ள வித்தியாசம் இந்தத் தளம்பலுக்குள் அடங்கினால் தேடுவதற்குப் பிழை ஒன்றும் இல்லை.

வலுவான மூலத்தில் வேறொரு காரணம் சேரும். ஒரு துடிப்பைப் பதிந்த பின் குழாய் சிறிது நேரம் செயலற்றுக் கிடக்கும். அந்த நேரம் 100 மைக்குரோசெக்கன் என்றால், செக்கனுக்கு 2,000 காட்டும் கருவி அந்தச் செக்கனில் 0.2 பங்கு நேரம் கண்ணை மூடியிருந்திருக்கிறது. 2,000 ஐ 0.8 ஆல் வகுக்க உண்மை வீதம் 2,500. மூலத்தைத் தூரத்தில் வைத்தால் வித்தியாசம் குறைந்து, கிட்டக் கொண்டுவரும்போது கூடினால், முதலில் இந்தத் திருத்தத்தைச் செய்யுங்கள். திறனைக் கணிப்பது அதற்குப் பிறகு.